நாலு மணிக்கு எங்கே உட்காருவீர்கள்? கடற்கரையில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு மேஸ்திரி சொல்வது

வீடு கட்ட வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், முதல் நாள் நான் டேப் எடுத்துக்கொண்டு போவதில்லை. வெறும் மனையில் நின்றுகொண்டு வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்பேன்: "சாயங்காலம் நாலு மணிக்கு நீங்க எல்லாரும் எங்க உட்காருவீங்க?" பெரும்பாலும் பதில் வராது. எத்தனை பெட்ரூம், முகப்பு எப்படி, டைல்ஸ் என்ன நிறம் என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். உட்காருகிற இடம் மட்டும் முடிவாகியிருக்காது.

எனக்கு உச்சிப்புளி. வடக்கே போனால் பனைக்குளம், வடகடல். தெற்கே போனால் புதுமடம், தென்கடல். பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவை இவைதான். பதினாறு வயதில் கையாளாகச் சேர்ந்தேன். கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இரண்டு கடல் பக்கமும் வீடு கட்டியிருக்கிறேன். கட்டிக் கொடுத்த வீடுகளுக்குப் பிறகும் போய்ப் பார்ப்பேன். மக்கள் எங்கே சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த அறை பூட்டிக் கிடக்கிறது என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதல் வேலை, இப்போது குடியிருக்கிற வீட்டில் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார், எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். என் வீட்டில் நான் இதைச் செய்தபோது, அம்மா தினமும் பதினோரு மணிக்குப் பின்வாசல் நிலைப்படியில் உட்கார்ந்துதான் வெங்காயம் உரிக்கிறார் என்று எழுத வேண்டியிருந்தது. அடுப்படியில் இடம் இருந்தது, காற்றாடியும் இருந்தது. ஆனால் நிலைப்படியில்தான் காற்று வந்தது, பக்கத்து வீட்டு அத்தாச்சியின் குரல் கேட்டது. அப்படியானால் அந்த வீட்டின் நல்ல இடம் அந்த ஒன்றரை அடி நிலைப்படி. புது வீடு கட்டினபோது அங்கே இரண்டு பேர் உட்காருகிற திண்ணை வைத்தேன்.

காற்று

நம் பக்கம் வருஷத்துக்கு இரண்டு காற்று. வைகாசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் கச்சான், மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். புழுதி, மணல், சமயத்தில் கூரை ஓடுகளையே தூக்கும். ஐப்பசி தொட்டு தை வரைக்கும் வாடை, வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். இது போக, வெயில் ஏறினதும் கடலிலிருந்து கரைக்கு வருகிற பகல் காற்று. புதுமடத்தில் அது தெற்கே இருந்து வரும், பனைக்குளத்தில் வடகிழக்கே இருந்து வரும். ஆகையால் பனைக்குளத்து வீட்டின் பிளானைப் புதுமடத்தில் வைத்துக் கட்டக் கூடாது. மதுரையிலோ சென்னையிலோ வரைந்த பிளானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மேற்கில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல காற்றும் அந்தப் பக்கம்தான், மூன்று மணி வெயிலும் அந்தப் பக்கம்தான். பெரிய ஜன்னல் வைத்தால் வெயில் உள்ளே வந்து படுக்கும். மொத்தமாக அடைத்தால் வீடு புழுங்கும். நான் செய்வது இது. மேற்குச் சுவரில் உயரத்தில் சின்ன ஜன்னல்கள், வெளியே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி ஒரு பூவரசு. பூவரசு உப்புக் காற்றைத் தாங்கும், இலை அடர்த்தி, நாலைந்து வருஷத்தில் நிழல் தரும். பெரிய ஜன்னல்களைத் தெற்குச் சுவரில் வைப்பேன்.

தெற்குச் சுவரில் மேற்குக் காற்று எப்படி நுழையும் என்று கேட்பீர்கள். கச்சான் அந்தச் சுவரை ஒட்டிக் கிழக்கே ஓடும். வெளியே திறக்கிற ஜன்னல் கதவு, கிழக்கு ஓரத்தில் கீல் வைத்தது என்று வையுங்கள். அதைத் திறந்து சுவருக்குச் செங்குத்தாக நிறுத்தினால், ஓடுகிற காற்று அந்தக் கதவில் மோதி, வேறு வழியில்லாமல் ஜன்னலுக்குள் திரும்பும். வள்ளத்துப் பாய் காற்றைப் பிடிக்கிற மாதிரித்தான். ஒரு வேப்பிலைக் கொத்தை உள்ளே தொங்கவிட்டுப் பாருங்கள், கதவை மூடினால் சும்மா தொங்கும், திறந்தால் ஆடும். இரட்டைக் கதவு என்றால் மேற்குக் கதவை மூடிவிட்டுக் கிழக்குக் கதவை மட்டும் திறந்து வையுங்கள். இப்போது எல்லாரும் கேட்கிற தள்ளு ஜன்னலில் இது நடக்காது. அதில் எப்போதும் பாதி ஜன்னல்தான் திறக்கும், காற்றைத் திருப்பிவிடக் கதவும் இல்லை. உள்ளே நுழைந்த காற்று வெளியேற எதிர்ச் சுவரில் வழி விடுங்கள், நுழைகிற வழியைவிடச் சின்னதாக வேண்டாம். கதவை நிறுத்தப் பித்தளைக் கொக்கி நீளமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆடியில் ஒரே இரவில் கண்ணாடி போய்விடும்.

வடக்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு தேவையில்லை, அந்தப் பக்கம் வெயில் வராது என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் ஒன்பதேகால் டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. சித்திரை பிறக்கிற வாக்கில் உச்சி நேரத்தில் மனையில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள், நிழலே விழாது. சூரியன் நேரே தலைக்கு மேல். அதற்குப் பிறகு ஆவணி நடு வரைக்கும் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகும். அதாவது கடும் கோடையில் வெயில் படுவது வடக்குச் சுவரில். வாடை மழையும் அந்தப் பக்கம்தான் சாரல் அடிக்கும். வடக்கிலும் கிழக்கிலும் இரண்டடி சன்ஷேடு கட்டாயம் வையுங்கள்.

ஆளோடி

பணம் குறைவாக இருந்தால் ஒரு பெட்ரூமை விட்டுவிடுங்கள், வாசல் வராந்தாவான ஆளோடியை விடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் பழைய வீடுகளில் வாசலைத் தாண்டினதும் ஆளோடி இருக்கும், அதில் திண்ணை இருக்கும். அங்கேதான் வலை பின்னினார்கள், பிள்ளை பாடம் படித்தது, பெரியவர்கள் மதியம் படுத்தார்கள். இப்போது நாலடி அகலத்தில் "சிட் அவுட்" என்று ஒன்று வைக்கிறார்கள். செருப்பு விடுவதற்குத்தான் அது ஆகும்.

எட்டடி அகலம் வேண்டும். திண்ணை பதினேழு அங்குல உயரம், இரண்டேமுக்கால் அடி அகலம், ஆறரை அடி நீளம். உட்காரவும் ஆகும், ஒருத்தர் கை காலை நீட்டிப் படுக்கவும் ஆகும். ஒரு முனையில் தலை வைக்கிற சாய்வை நாலு அங்குலம் உயர்த்திச் சிமெண்டிலேயே இழைத்துவிடுங்கள். கூரை வெளி ஓரம் ஏழடிக்கு மேல் போகக் கூடாது. தாழ்ந்து வந்தால்தான் நாலு மணி வெயிலும் சாரலும் உள்ளே வருவது குறையும்.

இந்த இடத்துக்குக் கான்கிரீட் போடாதீர்கள். பனைமரச் சட்டமான பனங்கை, மேலே நாட்டு ஓடு அல்லது சீமை ஓடு. வயிரம் பாய்ந்த கருப்புப் பனங்கையை உப்புக் காற்று ஒன்றும் செய்வதில்லை. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது, அது சரியானதுதான், நம் ராமநாதபுரத்துக்கு இருக்கிற சொத்தே பனைதான். நான் பழைய வீடு பிரிக்கிற இடங்களில் போய் வாங்குகிறேன். கட்டையைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்டால் எடுங்கள், பொத்தென்று கேட்டால் வண்டு உள்ளே இருக்கிறது.

தரைக்குச் சிவப்புக் காவி போதும். மணல் காலோடு மினுமினு டைல்ஸில் நடந்தால் வழுக்கும். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் அது வேண்டாத வேலை.

வாசல்படி ஏறுவதற்கு முன்னால் கால் கழுவ ஒரு குழாய் வையுங்கள். மணலை வீட்டுக்குள் கூட்டிக் கூட்டி அலுத்த பெண்களிடம் கேட்டால் இதன் அருமை தெரியும். புதுமடத்தில் ஒரு உம்மாவுக்குக் கட்டும்போது, குழாய்க்கு முன்னால் பதினாலு அங்குல உயரத்தில் உட்காருகிற கல் ஒன்று போடச் சொன்னார். தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவுகிற ஒளுவை முட்டி வலியோடு நின்றுகொண்டு எடுக்க முடியவில்லை அவருக்கு. அந்தக் கல்லில் இப்போது பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து கால் கழுவுகிறார்கள். அதற்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் அந்தக் கல்லைச் சேர்த்தே போடுகிறேன், எந்த மதத்துக்காரர் வீடாக இருந்தாலும்.

அடுப்படியும் மீன் மேடையும்

அடுப்பு மேடை முப்பத்தாறு அங்குலம் என்று யாரோ எங்கேயோ வைத்த அளவை எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள். என் வீட்டுக்காரி நாலு அடி பத்து அங்குலம். எங்கள் முதல் வீட்டில் ஒன்பது வருஷம் தோளைத் தூக்கியபடியேதான் அவள் தோசை சுட்டிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. கழுத்து வலி என்று சொல்வாள், தைலம் வாங்கிக் கொடுப்பேன். அளவு இப்படி எடுங்கள். சமைக்கிறவர் செருப்பில்லாமல் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்து அதில் நாலு அங்குலத்தைக் கழியுங்கள். அவளுக்கு முப்பத்திரண்டரை வந்தது. புது வீட்டில் அதையே வைத்தேன், கழுத்து வலி பேச்சு நின்றது.

மீன் அறுக்கிற இடம் தனி. கடற்கரை வீட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் மீன் என்றால், அதற்கு ஒரு இடம் இருக்க வேண்டும். கொல்லைப்புறம் தென்கிழக்கு மூலை நல்லது. கச்சான் அடிக்கிற மாதங்களில் மீன் நாற்றம் வீட்டுக்குள் திரும்பாமல் அப்படியே வெளியே போய்விடும். நின்று அறுக்கிற உயர மேடை வேண்டாம், நம் பெண்கள் அரிவாள்மனையில் உட்கார்ந்து அறுக்கிறவர்கள். ஒன்பது அங்குலம் உயர்த்தின மேடை, ஐந்தடிக்கு மூன்றடி, மேலே கடப்பா கல். ஒரு பக்கமாக ஓர் அங்குலம் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் செதில் தங்குகிற வலைத்தட்டு, அதைத் தாண்டித் தண்ணீர் நேரே தென்னை மூட்டுக்கு. குழாய் முழங்கை உயரத்தில், உட்கார்ந்தபடியே எட்ட வேண்டும். தலைக்கு மேல் ஒரு லைட், ஏனென்றால் மீன் விடியற்காலையிலும் வரும், இருட்டினதும் வரும்.

ஐந்தடி எதற்கு என்றால் இரண்டு பேர் உட்கார. ஒரு கூடை காரல் மீனை ஒருத்தி தனியாக உட்கார்ந்து அறுத்தால் அது வேலை. நாத்தனாரோ பக்கத்து வீட்டுக்காரியோ எதிரே உட்கார்ந்தால் அது பேச்சு. நான் மேஸ்திரி, பேச்சுக்கு இடம் விடுவதும் என் வேலைதான்.

தண்ணீர்

நம் மண்ணுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஆழப் போர்வெல் போட்டு உறிஞ்சினால் உப்பு ஏறும், பிறகு லேசில் இறங்காது. மேலே இருந்து வருகிறதைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். பெயருக்கு ஒரு குழாயை மண்ணில் சொருகிவிட்டுக் கணக்குக் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். கணக்கைப் பாருங்கள்: 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை செ.மீ. பெய்கிறது என்று யோசியுங்கள்.

ஆளோடிக்குக் கீழே பத்தாயிரம் லிட்டர் தொட்டி கட்டுங்கள், அஸ்திவாரம் தோண்டும்போதே. முதல் மழையை வெளியே விடத் தனி வால்வு. அடுத்த மழையிலிருந்து கரி, மணல், ஜல்லி போட்ட வடிகட்டி வழியாகத் தொட்டிக்கு. எங்கள் அம்மா தள்ளுவண்டியில் ஆறு குடம் வைத்து ஊருணிக்கு நடந்தவர். தொட்டித் தண்ணீரில் முதல் நாள் உலை வைத்துவிட்டு, "இந்தத் தண்ணியில பருப்பு வேகுதுப்பா" என்றார். உப்புத் தண்ணீரில் பருப்போடு மல்லுக்கட்டினவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும்.

கழிவுத் தொட்டி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும், நம் மணலில் எதுவும் வேகமாக ஊறும். தரைமட்டம் ரோட்டுக்கு மூன்றடி மேலே. கடலிலிருந்து 500 மீட்டருக்குள் மனை என்றால் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி பற்றி விசாரித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

உப்பு

இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் முதல் வீட்டில், கட்டி ஒன்பதாவது வருஷம், அம்மா படுக்கிற கட்டில் மேல் கூரையின் அடிப்பூச்சு ஒரு முறம் அளவுக்கு விழுந்தது. அம்மா அப்போது கிணற்றடியில் இருந்தார். விழுந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தேன், கம்பி துருப்பிடித்துப் பருத்துப்போயிருந்தது. இரும்பு துருவானால் பெருக்கும், பெருத்தால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மணல் கொடுத்தவர் ஆற்று மணலில் கடல் மணலைக் கலந்து அனுப்பியிருக்கிறார், அவசரத்தில் நானும் சோதிக்காமல் இறக்கிவிட்டேன். அந்தக் கட்டிலைப் பார்த்த நாளிலிருந்து ஒரு லோடு மணலையும் சோதிக்காமல் நான் தொட்டதில்லை.

ஒரு கைப்பிடி மணலை ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் போட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட்டு நாக்கில் வையுங்கள். கரித்தால் லாரியைத் திருப்புங்கள். கரிக்காவிட்டாலும் சந்தேகம் இருந்தால் லேபில் கொடுங்கள், வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டால் உப்பு இருக்கிற நீர் பால் மாதிரித் திரியும். தண்ணீருக்கும் இதே சோதனை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்குகிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. அதே ஐ.எஸ். 456, கடற்கரைக் காற்றுப் படுகிற கான்கிரீட்டுக்கு எம் 30 என்கிற வலுவான கலவையும், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடலும் கேட்கிறது. நம் பக்கம் 20 மி.மீ. வைத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். கம்பிக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டை வைக்க விடாதீர்கள், சிமெண்டில் வார்த்த கவர் கட்டைகள் வைக்கச் சொல்லுங்கள், அளவை நீங்களே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பதினாலு நாள் நல்ல தண்ணீரில் நனைத்து வைக்கிற கியூரிங். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு என்றால் லாரித் தண்ணீர் வாங்குங்கள், அந்தச் செலவில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கீல், தாழ்ப்பாள், ஊஞ்சல் கொக்கி எல்லாம் பித்தளை, இல்லையென்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகத்தில் டீக்கறை மாதிரித் துரு படிந்துவிடும். ஊஞ்சல் போடுகிற எண்ணம் இருந்தால் கூரை கான்கிரீட்டுக்கு முன்னாலேயே கொக்கியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பிறகு துளைபோட்டு மாட்டுகிற போல்ட்டை நம்பிப் பிள்ளைகளை ஆடவிட எனக்குத் தைரியம் இல்லை.

மாடியை மறக்க வேண்டாம். தட்டோடு பதித்து, மேலே வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடித்தால் கீழே அறை சூடு நன்றாகக் குறையும். சித்திரை, வைகாசியில் மொத்தக் குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால் படி உயரம் ஆறு அங்குலம், மிதி பதினோரு அங்குலம் வைத்தால் பாட்டியும் ஏறுவார். மேற்கு, தெற்குக் கைப்பிடிச் சுவரில் சல்லடைக் கல் வையுங்கள், படுத்தவர் மேல் காற்றுப் படட்டும். ஒரு குழாய், ஒரு பிளக் பாயிண்ட். வேறொன்றும் வேண்டாம்.

கடைசியாக, கடப்பாரை எடுப்பதற்கு முந்தின நாள் செய்வது. சுண்ணாம்புப் பொடியால் மனையில் முழு வீட்டையும் கோடு போடுவேன். சுவர், கதவு, ஜன்னல், திண்ணை எல்லாம். பிறகு நாலு மணிக்கு வீட்டார் எல்லாரையும் வரச் சொல்லி, கோட்டுக்குள்ளே பாய் போட்டு, அவரவர் இடத்தில் உட்காரச் சொல்வேன். அந்தப் புதுமடத்து உம்மாவின் வீட்டுக்குப் பிளான், துபாயிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினது. உம்மா திண்ணைக் கோட்டுக்குள் உட்கார்ந்தார், இடமும் வலமும் பார்த்தார்.

"தம்பி, இங்க இருந்து பார்த்தா தெரு தெரியலையே. புள்ளைக மதரஸா விட்டு வர்றது எப்படித் தெரியும்?"

மகனுக்கு வீடியோ கால் போட்டோம். அவர் போனில் பார்த்துக்கொண்டே இருக்க, கோட்டைக் காலால் அழித்து, வாசலை இரண்டடி கிழக்கே தள்ளிப் போட்டேன். உம்மா மறுபடியும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ம், இப்பத் தெரியுது" என்றார். மறுநாள் காலை அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டினோம்.